பூசுறதுக்கு முதல் பாருங்கோ: கடலுக்குப் போய்வந்த பிள்ளையின்ர தோல்

போன வருசம் நல்லூர்த் திருவிழாவோட மகள் குடும்பம் கனடாவில இருந்து வந்து நிண்டவை. ஒருநாள் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தம். மூண்டாம் நாள் விடியப்பறம் ஐஞ்சு வயதுப் பேத்திக்குச் சட்டை மாத்தப் போன மகள் கத்தின கத்தலில நான் புட்டுக்குழலைப் போட்டுட்டு ஓடினன். பிள்ளையின்ர இடது புயத்தில நாலு கோடு. செம்மண் நிறத்தில, விரல் விரலாய். ஒரு கோட்டின்ர நுனியில சின்னக் கொப்புளம். வலது புயத்திலயும் அதே மாதிரி மூண்டு.

ஆரோ பிள்ளையை இறுக்கிப் பிடிச்சு உலுப்பின மாதிரிக் கிடந்தது. மருமகன் ஒண்டும் பேசேல்லை. ஆனால் வீட்டில நிண்ட ஒவ்வொருத்தரையும் ஒருக்காப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமி "உது சொறிமுட்டை பட்டது" எண்டா, ஜெல்லி மீனைத்தான். அவவின்ர தமக்கை "நாவூறு, செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போடுங்கோ" எண்டா. மகள் அதுக்குள்ள பையில கிடந்த ஏதோ ஒரு கிறீமின்ர மூடியைத் திறந்திட்டாள்.

நான் முப்பது வருசம் சிறுபிள்ளையள் வாட்டில நேர்ஸாய் நிண்டவள். எனக்கும் முதல் வந்தது சொறிமுட்டை நினைப்புத்தான். பிறகுதான் என்ர கையை அந்தக் கோடுகளுக்கு மேல வைச்சுப் பார்த்தன். அளவாய்ப் பொருந்திச்சுது.

கசூரினாவில மத்தியானம் சவுக்கு மர நிழலில இருந்து தேசிக்காய் பிழிஞ்சு கரைச்சது நான். "அம்மம்மா தூக்குங்கோ" எண்டு ஓடிவந்தவளைப் பிழிஞ்ச கையோட, கழுவாமல், ரெண்டு புயத்திலயும் பிடிச்சுத் தூக்கி வெயிலுக்குள்ள விட்டதும் நான்தான். தேசிக்காய்த் தோலிலயும் சாறிலயும் ஃபியூரோகூமரின் எண்டு ஒரு பொருள் இருக்கு. அது தோலில பட்டு, அதுக்கு மேல வெயிலும் விழுந்தால், பட்ட இடம் நெருப்புச் சுட்ட மாதிரி வெந்துபோகும். அலர்ஜி இல்லை, ஆருக்கும் வரும். உடன தெரியாது எண்டதுதான் கரைச்சல். ஒரு நாள் போகச் சிவக்கும், ரெண்டு மூண்டு நாளில கொப்புளிக்கும், பேந்து கறுக்கும். கறுப்பு மாறக் கிழமைக் கணக்கு, சில பிள்ளையளுக்கு மாதக் கணக்கு. அதுக்கிடையில ஆருக்குத் தேசிக்காய் ஞாபகம் வரும்?

பட்டது தெரிஞ்ச உடன சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் ஒண்டும் வராது. வந்த பிறகு எண்டால் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கோ, கொப்புளத்தை உடையாதேங்கோ, கறுப்பு மாறுமட்டும் அந்த இடத்தில வெயில் படாமல் மூடி வையுங்கோ. கொப்புளம் பெரிசாய் வந்தால் டொக்டரிட்டைக் காட்டவேணும். தேசிக்காயே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வீட்டிலயே கரைச்சுப் போத்தலில கொண்டு போங்கோ. நண்டு சாப்பிட்ட கை மணக்குது எண்டு கடற்கரையில தேசிக்காய்க் கோதால தேய்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்குதெல்லோ, அதையும் விடுங்கோ.

எங்க கிடக்கு, எப்ப துவங்கினது

பிள்ளையின்ர தோலில எது வந்தாலும் இந்த ரெண்டையும் கேட்டால் பாதி மறுமொழி அதுக்குள்ளயே கிடக்கும். ரியூப் லைற்றுக்குக் கீழ பார்க்கிறது பாராததுக்குச் சமம். விறாந்தைக்குக் கொண்டுவாங்கோ, பகல் வெளிச்சத்தில, உடுப்பு முழுக்கக் கழட்டிப் பாருங்கோ. உடுப்பு மூடாத இடத்தில மட்டும் எண்டால் வெயில், பூச்சி, சொறிமுட்டை, அல்லது என்ர கதையைப் போலத் தேசிக்காய். உடுப்பு மூடின இடத்தில மட்டும் எண்டால் வேர்க்குரு, உரோஞ்சல், இல்லாட்டில் குளிக்கிற உடுப்புக்குள்ள அகப்பட்ட ஏதாவது கடல் உயிர். உடம்பு முழுக்க, அதுவும் இஞ்ச மறைஞ்சு அங்க வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படுங்கோ. உள்ளங்கால், குந்தியிருக்கிற இடம் எண்டால் மணல்.

இன்னொண்டு. தோல் வருத்தப் படங்கள் கனக்க வெள்ளைத் தோலில எடுத்தது. "சிவந்திருக்கும்" எண்டு கீழ போட்டிருக்கும். எங்கட பிள்ளையளுக்குச் சிவப்பு அப்பிடிக் கண்ணில பிடிபடாது. ஊதாவாய், மண்ணிறமாய், சிலநேரம் சுத்தியுள்ள தோலை விட ஒல்லுப்போலக் கறுப்பாய்த்தான் தெரியும். அதால புறங்கையை வைச்சுச் சூடு பாருங்கோ, விரல் நுனியால தடவித் தடிப்பைப் பாருங்கோ. பிறகு போனில ஒரு படம் எடுங்கோ. பரவுற மாதிரிக் கிடந்தால் பேனையால அந்த ஓரத்தைச் சுத்தி ஒரு கோடு கீறி, பக்கத்தில நேரத்தையும் எழுதிவிடுங்கோ. வாட்டில நாங்கள் செய்தது இதுதான். நாலு மணித்தியாலத்தில கோட்டைத் தாண்டிட்டுதோ இல்லையோ எண்டு பார்த்தால், ஒருத்தரோடயும் வாதாடத் தேவையில்லை.

மஞ்சளை மட்டும் இந்த நேரத்தில பூசாதேங்கோ. மஞ்சள் கூடாது எண்டதுக்காக இல்லை, பூசினால் டொக்டருக்குத் தோலின்ர நிறம் தெரியாது. மஞ்சள் பூசின பிள்ளையைக் கழுவித் துடைக்கவே எங்களுக்கு அரை மணித்தியாலம் போன நாளும் இருக்கு.

போகமுதல்

கசூரினாவின்ர வடிவும் ஆபத்தும் ஒண்டுதான்: அலையும் இல்லை, ஆழமும் இல்லை. கனதூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல வராது. தாய் தகப்பனுக்குப் பயமில்லை, அதால பிள்ளை நாலு மணித்தியாலம் தண்ணிக்குள்ள கிடக்கும். வேலணைச் சாட்டியிலயும் இதே கதை. ஆடி ஆவணியில சோளகக் காத்து வீசுறதால உடம்புக்குச் சூடு தெரியாது. காத்து வெக்கையை எடுக்கும், வெயிலின்ர ஊதாக் கதிரை எடுக்காது. பிள்ளை சிரிச்சுச் சிரிச்சு வேகும்.

"எங்கட தோல் கறுப்பு, ஒண்டும் செய்யாது" எண்டு என்ர தலைமுறை சொல்லுறது பிழை. வெள்ளைத் தோலை விடத் தாங்கும், அவ்வளவுதான். வெளிநாட்டில பிறந்து வருசம் முழுக்கக் கோட்டுக்குள்ள கிடந்த பிள்ளைக்கு அந்தத் தாங்கலும் குறைவு.

நேரம் பார்க்க மணிக்கூடு தேவையில்லை. பிள்ளையை மணலில நிக்கவிட்டு நிழலைப் பாருங்கோ. நிழல் பிள்ளையை விடக் கட்டையாய்க் கிடந்தால் வெயில் கடுமை. சவுக்கு நிழலுக்கு வரவேணும். காலமை ஒன்பது மணிக்கு முதல், பின்னேரம் நாலுக்குப் பிறகு குளிக்க விடுங்கோ. நீளக் கை வைச்ச குளிக்கிற சட்டை எந்தக் கிறீமையும் விட நல்லது. சட்டை மூடாத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதுக்கு மேற்பட்ட சன் கிறீம். ஒருக்காப் பூசினால் போதாது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, தண்ணியால வந்து துடைச்ச உடனயும் பூசவேணும். காதின்ர மேல்பக்கம், பிடரி, புறங்கால் இந்த மூண்டையும் எல்லாரும் மறக்கிறவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிறீமை நம்பாமல் நிழலிலயே வைச்சிருங்கோ.

அப்பிடியும் வெந்துபோனால் அது கடற்கரையில தெரியாது. பின்னேரம் வீட்ட வந்து தலை இழுக்கேக்கை "ஆ" எண்டும். அடுத்த நாள்தான் உச்சம். குளிர்ந்த தண்ணியால குளிப்பாட்டுங்கோ, ஐஸ் வேண்டாம். இளநி, மோர், தண்ணி எதையாவது குடிக்கக் குடுத்துக்கொண்டே இருங்கோ. மணம் இல்லாத சாதாரண மொயிஸ்சரைசர் போதும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், பற்பசை ஒண்டும் வேண்டாம். எண்ணெய் சூட்டைத் தோலுக்குள்ள வைச்சு மூடும். பெரிய கொப்புளங்கள், காய்ச்சல், சத்தி, அல்லது பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை வெந்தால் கொப்புளம் வருமட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அண்டைக்கே காட்டுங்கோ.

தண்ணி கொண்டு போங்கோ. தீவுப் பக்கக் கிணறுகள் கனக்கச் சவர். உப்புக் கழுவ எண்டு சவர்த் தண்ணியை வாத்தால் உப்புக்கு மேல உப்பு. நாங்கள் வீட்டுக் கிணத்தில இருந்து இருபது லீற்றர்க் கானில ரெண்டு நிரப்பி வானுக்குப் பின்னால ஏத்திறது. மருமகன் முதல் நாள் சிரிச்சவர். ரெண்டாம் முறை தானே தூக்கி வைச்சார். அதோட தேத்தண்ணிக்கு ஒரு சுடுதண்ணிப் போத்தலும், வெறும் சுடுதண்ணியோட இன்னொரு சுடுதண்ணிப் போத்தலும். ரெண்டாவது எதுக்கு எண்டு சொல்லுறன்.

சொறிமுட்டை

பேரப்பிள்ளையள் ஜெல்லி மீன் எண்டுங்கள். பட்டது எண்டால் சந்தேகமே வராது, பிள்ளை அந்த இடத்திலயே குளறும். கசையால அடிச்ச மாதிரிக் கோடு, சிலநேரம் முடிச்சு முடிச்சாய் மணிக் கோர்வை போல. அதால தான் என்ர பேத்திக்கு அது இல்லை எண்டு நான் கெதியாய்ப் பிடிச்சிருக்க வேணும்: கடலுக்குள்ள அவள் அழவேயில்லை.

பிள்ளையைத் தண்ணியால வெளியில எடுங்கோ. பட்ட இடத்துக்குக் கடல்தண்ணியையே வாருங்கோ. நல்ல தண்ணி வாக்கக் கூடாது. தோலில ஒட்டிக்கிடக்கிற நூலுகளில இன்னும் வெடிக்காத நுண்ணிய கொடுக்குகள் ஆயிரக்கணக்கில இருக்கும். நல்ல தண்ணி பட்டால் அவை வெடிக்கும். மணலால தேய்க்கிறதும் துவாயால துடைக்கிறதும் அதே வேலையைத்தான் செய்யும். சலம் விட்டால் மாறும் எண்டு படத்தில பார்த்துட்டு வந்து சொல்லுறவையும் இருக்கினம். பிள்ளைக்கு வலியோட மானமும் போகும், வேற ஒண்டும் நடக்காது. கையில ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு, அல்லது சின்னச் சாவணத்தால, நூலுகளை ஒவ்வொண்டாய் எடுங்கோ.

பிறகுதான் அந்த ரெண்டாவது சுடுதண்ணிப் போத்தல். வாளியில கொஞ்சம் தண்ணியோட கலந்து, முதல் உங்கட முழங்கையை வையுங்கோ. நல்ல சூடு, ஆனால் பொறுக்கக்கூடிய சூடு. கணக்குச் சொன்னால் 40 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில. நீங்கள் ஒரு நிமிசம் வைச்சிருக்க முடியாத தண்ணியில பிள்ளையின்ர காலை வைக்க வேண்டாம். சூடு சரி எண்டால் பட்ட கையையோ காலையோ இருபது நிமிசம் அதுக்குள்ள விடுங்கோ. வலி குறையிறது முகத்திலயே தெரியும். ஆறினால் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுடுதண்ணி சேருங்கோ, பிள்ளையின்ர காலை வெளியில எடுத்துப்போட்டுச் சேருங்கோ.

வினாகிரி எண்டு சிலர் சொல்லுவினம். பெட்டி மாதிரி உடம்புள்ள சொறிமுட்டை வகைக்கு அது உதவும். நீலக் குமிழி போல மிதந்து வாறதுக்குக் கூடுதல் கொடுக்கை வெடிக்க வைக்கலாம். பட்டது எது எண்டு கண்ணால காணாத இடத்தில நான் கடல்தண்ணியோடயும் சுடுதண்ணியோடயும் நிப்பன். கரையில செத்துக் கிடக்கிறதும் கொட்டும் எண்டு பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. இறங்கமுதல் அங்க வலை தெரியிற ஆக்களை ஒருக்காக் கேளுங்கோ. இண்டைக்குச் சொறி வந்திருக்கோ எண்டால் அவைக்குத் தெரியாமல் இராது.

மூச்சு எடுக்கக் கஷ்டம், திரும்பத் திரும்பச் சத்தி, உடம்பெல்லாம் உளைவு, மயக்கம், கண்ணிலயோ முகத்திலயோ பட்டது, பட்ட இடம் பெரிசு: இதில ஒண்டு எண்டாலும் 1990க்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் இலவசம்.

இதுக்கு ஒரு சின்னத் தம்பி இருக்கு. அண்டைக்குப் பின்னேரமோ இரவோ, குளிக்கிற உடுப்பு இறுக்கின இடமெல்லாம், இடுப்பு றப்பர், கக்கம், குண்டி, சின்னச் சின்னத் தடிப்பாய் வந்து பொல்லாத கடி கடிக்கும், சொறியாமல் இருக்கேலாது. சில சொறிமுட்டையளின்ர கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் துணிக்குள்ள அகப்பட்டு, உடுப்பு நெரிக்க நெரிக்கக் கொட்டினது அது. அதால உடுப்போட நிக்க வைச்சு நல்ல தண்ணி வாக்கிற எங்கட பழக்கத்தை மாத்துங்கோ. முதல் கடலுடுப்பைக் கழட்டுங்கோ, பிறகு வாருங்கோ. அந்த உடுப்பைச் சுடுதண்ணியில சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு வெயிலில காயவிடாமல் திரும்பப் போட்டால், கடலுக்குப் போகாமலே திரும்பவும் கடிக்கும்.

வேர்க்குருவுக்குக் கன கதை தேவையில்லை. கழுத்து மடிப்பு, முதுகு, கார்க் கதிரையில அழுத்தின இடம் எல்லாம் ஊசிமுனை மாதிரி வரும். வியர்வைத் துவாரம் அடைபட்டது, அவ்வளவுதான். ஒருநாளைக்கு ரெண்டுதரம் குளிர்ந்த தண்ணி, ஒற்றித் துடைச்சு மெல்லிய பருத்திச் சட்டை, காத்தாடி. மூண்டு நாளில போகும். எண்ணெயும் கொழுத்த கிறீமும் பூசினால் போகாது. பவுடர் கொட்டுறதும் வேண்டாம், குழந்தை அதை மூச்சில இழுக்கும். தொடை இடுக்கு உரோஞ்சிப் புண்ணாகிறதுக்கு, இறங்கமுதல் கொஞ்சம் வாஸ்லினும், ஏறின உடன காய்ஞ்ச கால்சட்டையும் காணும்.

கரப்பன் (எக்ஸிமா) உள்ள பிள்ளை எண்டால் கடலுக்குப் போகலாம், ஆனால் வெடிச்ச தோலில உப்பு எரியும். இறங்கமுதல் அதின்ர வழமையான கிறீமை மொத்தமாய்ப் பூசுங்கோ. ஏறினவுடன கழுவி, ஈரம் காயமுதல் திரும்பப் பூசுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி, சவர்க்காரம் நுரைக்கவே பஞ்சிப்படும். அதால கூடக் கூடப் போட்டுத் தேய்ப்பம். கரப்பன் தோலுக்கு அந்தத் தேய்ப்புத்தான் நஞ்சு.

கூழ் குடிச்ச பிறகு

கடற்கரைக்குப் போனால் ஒடியற்கூழ் இல்லாமல் முடியுமோ? நண்டு, இறால், கணவாய், ரெண்டு மூண்டு வகை மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில. பிளாவில ஊத்தி ஊதி ஊதிக் குடிச்சு அரை மணித்தியாலத்தில மூத்த பேரனுக்குக் கழுத்தில ஒரு தடிப்பு. சொறியச் சொறிய வயித்தில பெரிசாய், ஊர்ப்படம் போல ஓரம் கட்டின திட்டு. அதைப் பார்த்துக்கொண்டு நிக்கக் கழுத்தில வந்தது மறைஞ்சிட்டுது. இப்பிடி ஓடித்திரியிற தடிப்பு எண்டால் அலர்ஜித் தடிப்பு.

அதில எது பிழைச்சது எண்டு கூழை வைச்சு ஒருக்காலும் கண்டுபிடிக்கேலாது. அதால வெளிநாட்டில பிறந்த பிள்ளைக்கு நண்டும் இறாலும் முதல்முதல் குடுக்கிறது எண்டால் வீட்டில, ஒரு நாளைக்கு ஒண்டு, கொஞ்சமாய்க் குடுங்கோ. கூழ் பிறகு. தோலுக்குக் கூடாது எண்டு அம்மம்மாமார் "கிரந்திச் சாப்பாடு" எண்டு ஒரு பட்டியல் வைச்சிருப்பம். அதில நண்டும் இறாலும் இருக்கிறது நியாயம். மற்றதெல்லாத்தையும் நான் இப்ப அவ்வளவு நம்புறதில்லை, ஆனாலும் கத்தரிக்காய் குடுக்கேக்கை கை ஒருக்காத் தயங்கும்.

தடிப்பு மட்டும் எண்டால், முதலே டொக்டர் நிறைக்கு ஏத்த மாதிரி எழுதித் தந்த அலர்ஜிப் பாணி கையில இருந்தால் குடுத்துப் பொறுத்துப் பாருங்கோ. உதடு, நாக்கு வீங்கினால், குரல் மாறினால், இழுத்து மூச்செடுத்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், துவண்டால் பாணியோட மினைக்கெட வேண்டாம். 1990. அட்ரினலின் ஊசிப் பேனை உள்ள பிள்ளை எண்டால் அதை உடன தொடையில குத்திப்போட்டு 1990க்கு அடியுங்கோ.

சூரை மீன் பற்றியும் ஒரு சொல்லு. சூரை, அது போன்ற சிவத்தச் சதை மீன்கள் ஐஸ் இல்லாமல் வெக்கையில கிடந்தால் அதுக்குள்ள ஹிஸ்ரமின் எண்டு ஒரு பொருள் ஊறும். காய்ச்சினாலும் பொரிச்சாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம், கழுத்து எல்லாம் சூடாகிச் சிவந்து, தலையிடி, வயித்தோட்டம். மேசையில ஒரு பிள்ளைக்கு மட்டும் வந்தால் அலர்ஜி. தின்ற நாலு பேருக்கும் வந்தால் பெரும்பாலும் மீன்தான். பின்னேரம் வெயிலில விரிச்சு வைச்சு விக்கிற சூரை மலிவு எண்டு வாங்காதேங்கோ.

பூச்சியும் நகமும்

நுளம்பு கடிச்ச தடிப்பு தானாய் மாறும், சொறிஞ்சு புண்ணாக்கிற பிள்ளையள்தான் கன. நகத்தை வந்த அண்டைக்கே வெட்டிவிடுங்கோ. சொறிஞ்ச இடத்தில தேன் காய்ஞ்ச மாதிரி மஞ்சள் பொருக்கு வந்து பக்கத்தில பக்கத்தில பரவினால் அது கிருமி ஏறினது. துவாய், தலையணை உறை வேற வேறயாய் வையுங்கோ, கடலுக்கு விடாதேங்கோ, டொக்டரிட்டை அன்ரிபயோட்டிக் வாங்குங்கோ. வேப்பிலை அவிச்சு ஆறின தண்ணியால முழு உடம்பும் குளிப்பாட்டுறதுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் வாய் திறந்த புண்ணுக்கு அதை வாக்காதேங்கோ.

முருங்கை மரத்துக்குக் கீழ ஊஞ்சல் கட்டாதேங்கோ. மயிர்க்கொட்டி விழுந்த இடத்தைத் தேய்ச்சால் மயிர் உள்ள ஏறும். தேய்க்காமல் ஒட்டுற ரேப்பை ஒட்டி ஒட்டி இழுத்துப்போட்டுப் பிறகு சவர்க்காரம்.

மருந்துக்கடைக்குப் போய் "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" எண்டு மட்டும் கேட்டு வாங்காதேங்கோ. என்ர உறவில ஒரு தாய் அப்பிடி வாங்கின ரியூப்பில ஸ்ரெரோயிட், பூஞ்சண மருந்து, அன்ரிபயோட்டிக் மூண்டும் கலந்து கிடந்தது. ரெண்டு கிழமை குழந்தையின்ர முகத்தில பூசியிருக்கிறா. முதல் வடிவாய் மாறினது, விட்ட உடன இன்னும் மோசமாய்த் திரும்பிச்சுது. அதுக்குள்ள பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம் எல்லாம் அழிஞ்சு போச்சுது.

காய்ச்சலோட வந்தால்

இனிக் கடலை மறவுங்கோ. தோலில புள்ளியோ தடிப்போ வந்து அதோட காய்ச்சலும் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து அந்த இடத்தில அமத்துங்கோ. கண்ணாடிக்கூடாகப் பார்க்கப் புள்ளி மறையாமல் அப்பிடியே கிடந்தால், இரவு ரெண்டு மணி எண்டாலும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ. கறுத்தத் தோலில இது பிடிபடாட்டில் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமைக்கு உள்பக்கம் பாருங்கோ.

யாழ்ப்பாணத்தில டெங்கு கார்த்திகை, மார்கழி மழையோட கூடும். மற்ற மாதத்தில இல்லை எண்டில்லை. காய்ச்சலுக்கு நிறைக்கு ஏத்த பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். ஐபுபுரோஃபன், அஸ்பிரின் வேண்டாம். வெளிநாட்டில இருந்து வாறவையின்ர பையுக்குள்ள ஐபுபுரோஃபன் பாணி கட்டாயம் கிடக்கும், அதை முதல்நாளே எடுத்து அலுமாரிக்கு மேல வையுங்கோ. மூண்டாம் நாளுக்குள்ள இரத்தம் சோதியுங்கோ. காய்ச்சல் விட்டுட்டுது எண்டு புளுகப்படாதேங்கோ, டெங்குவில பொல்லாத நேரம் துவங்கிறது காய்ச்சல் விடுகிற அந்த நாளில தான்: வயித்து நோ, சத்தி, சோர்வு, கை கால் குளிர்ந்து போறது பார்த்துக்கொண்டு இருக்கவேணும். தண்ணி நிறைஞ்ச குமிழ் நெஞ்சிலயும் முதுகிலயும் துவங்கினால் கொப்புளிப்பான். அதுக்கும் அந்த ரெண்டு மருந்தும் வேண்டாம்.

போய்ச் சேர்ந்த பிறகு

சில வருத்தம் பிளேனில ஏறித்தான் வெளிப்படும். மூத்த பேரன் கனடா போய்ப் பத்து நாளில வட்ஸ்அப்பில மகள் எடுத்தாள். பெடியன் இரவிரவாய்க் காலைச் சுவரில தேய்க்கிறானாம். அங்க காட்டின இடத்தில பங்கசு எண்டு கிறீம் குடுத்து ஒரு கிழமை பூசியும் மாறேல்லை. "போனைக் காலுக்குக் கிட்டப் பிடி" எண்டன். உள்ளங்கால் வளைவில, நூலை எறிஞ்ச மாதிரி ஒரு மெல்லிய மேடு, நெளிஞ்சு நெளிஞ்சு ரெண்டு அங்குலம். "நேற்று இதில பாதிதானம்மா இருந்தது" எண்டாள்.

அது நாய், பூனையின்ர கொக்கிப்புழு. கடற்கரை நாய் மலத்தில இருந்து முட்டை மணலுக்குப் போய், குஞ்சு பொரிச்சு, வெறுங்காலால உள்ள போறது. மனிசத் தோலுக்குள்ள அதுக்கு வழி தெரியாது. மேல்தோலுக்குக் கீழயே, ஒரு நாளைக்குச் சில மில்லிமீற்றரில இருந்து ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் மட்டும், சுத்திக்கொண்டு திரியும். அலை வந்து கழுவிற ஈர மணலில ஆபத்துக் குறைவு. நாங்கள் பாய் விரிக்கிற அந்தச் சவுக்கு நிழல், காய்ஞ்சும் காயாமலும் கிடக்கிற மணல், நாயும் வெயிலுக்கு ஒதுங்கிற இடம், அங்கதான் கூட. அதால மரத்தடியில செருப்போட நிக்கவேணும், குழந்தையை வெறுங்குண்டியோட இருத்தக் கூடாது, பாய்க்கு மேல துவாயும் போடவேணும். ஊசியால தோண்டுறதோ ஐஸ் வைக்கிறதோ பிரயோசனமில்லை. புழு நிக்கிறது கோட்டின்ர நுனியில இல்லை, அதுக்கு அங்கால.

டொக்டரிட்டைப் போகேக்கை "கால் கடிக்குது" எண்டு மட்டும் சொல்லாமல் எந்த நாடு, எந்தக் கடற்கரை, வெறுங்காலோ, எத்தினை நாளுக்கு முதல் எண்டு ஒரு துண்டில எழுதிக் கொண்டுபோகச் சொன்னன். நேற்று எடுத்த படத்தையும் இண்டைக்கு எடுத்த படத்தையும் பக்கத்தில பக்கத்தில காட்டச் சொன்னன். வேற ஒரு டொக்டர், பார்த்தவுடன குளிசை எழுதினாராம். மூண்டாம் நாள் கடி நிண்டுது. கோடு மட்டும் இன்னும் ரெண்டு கிழமை கிடந்து, உரிஞ்சு போச்சுது.